பாம்புப் பருந்தை அறிவது எவ்வாறு?

கோழிக்குஞ்சு காணாமற் போனவுடன், வயலோர மரத்தில் அமர்ந்திருக்கும் எந்தப் பருந்தையும் கள்வனாகக் கருதுவோர் உளர். இதனால், கமக்காரருக்குத் தீங்கு செய்யாத பாம்புப் பருந்து வீணே கொல்லப்படக்கூடும். ஆகவே அதனை இனங்கண்டு கொள்ளுதல் அவசியமாகும்.

இது கழுகினத்துள் சிறியவற்றில் ஒன்று. ஏறத்தாழ 2 அடி நீளமுடையது. வெள்ளவத்தைக்குத் தென்கிழக்கே, 1990ஆம் ஆண்டில் சரணாலயமாக்கப்பட்ட பெல்லன்வில–அத்திடியச் சதுப்பு நிலம் போன்ற மரஞ்செறிந்த ஈரநிலங்களில் இதனைக் காணலாம். கொட்டாஞ்சேனையில் துறைமுகப் பக்கமாக வட்டமிடும் செம்பருந்து வேறு; அதன் தலையும் மார்பும் வெண்மையாகவும் முதுகு செம்மையாகவும் இருக்கும்.

அடையாளங்கள்

1. உடல் கருங்கபில நிறம். வயிற்றில் வெண்புள்ளிகள் உண்டு.
2. கண்ணும் அலகின் அடிப்பாகமும் மஞ்சள் நிறம்.
3. பிடரியில் கருமையும் வெண்மையும் கலந்த குறுங்கொண்டை உண்டு.
4. பறக்கும்போது சிறகின் பின்னோரத்தை ஒட்டியும் வாலிலும் அகன்ற வெண்பட்டை தெரியும்.
5. கால்கள் இறகின்றி மஞ்சள் நிறமாக இருக்கும்.

ஐந்தாவது அடையாளமே முக்கியமானது. கோழிகளைக் கவரும் குடுமிப் பருந்துக்கும் கொண்டை உண்டு. ஆனால் அதன் கால்கள் விரல்வரை இறகால் மூடப்பட்டிருக்கும். பாம்புப் பருந்தின் இளம் பறவைக்குத் தலை வெளிறியிருப்பதால், நிறத்தை மட்டும் நம்பலாகாது, காலையே நோக்குக.

பழக்கவழக்கங்கள்

பாம்பு, ஓணான், தவளை ஆகியன இதன் முக்கிய உணவு, எலியையும் பிடிக்கும். கோழியைத் தொடுவது அரிது. நெடுநேரம் அசையாது கிளையில் அமர்ந்திருந்து, இரையைக் கண்டதும் தரையில் இறங்கிப் பற்றும். வெயில் ஏறியபின் சீழ்க்கை போன்ற உரத்த குரலெழுப்பியவாறு உயரே வட்டமிடும். உயர்ந்த மரத்தில் சுள்ளிகளாற் கூடு கட்டிப் பெரும்பாலும் ஒரு முட்டையே இடும். ஒரு பறவை அழிந்தால் அவ்விழப்பு எளிதில் ஈடாகாமைக்கு இதுவே காரணம்.

கமக்காரர் கவனிக்க வேண்டியவை

வயலோரத்துப் பெருமரங்களை இயன்றவரை வெட்டாது விடுக. நஞ்சுண்டு இறந்த எலிகளை அன்றன்றே எடுத்து ஆழப் புதைத்திடுக. அவற்றை உண்ணும் பறவைகளும் நஞ்சினால் மடியும். குஞ்சுகளை வலையிட்ட கூட்டில் வளர்த்தால் குடுமிப் பருந்தின் தொல்லையும் நீங்கும். இவ்விரு பறவைகளும் 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் காக்கப்பட்டவை. இவற்றைக் கொல்வது குற்றமாகும்.