தவறாக மடிந்த புரதம் எங்கே போகிறது?

பதினொன்றாம் வகுப்பில் செல் பாடம் நடத்தும்போது, எண்டோபிளாச வலை புரத உற்பத்தியில் பங்கேற்கும், லைசோசோம் கழிவுகளைச் செரிக்கும் என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம். "தவறாக உருவான புரதம் என்ன ஆகும்?" என்று கேட்டுப் பாருங்கள். "லைசோசோமுக்குப் போகும் சார்" என்றே பெரும்பாலான மாணவர்கள் சொல்வார்கள். எண்டோபிளாச வலையைப் பொறுத்தவரை முதன்மையான வழி அதுவன்று. இந்த ஒரு வினாவை வைத்து இரண்டு பாடவேளைகளில் நான் நடத்தும் பாடத்தை இங்கே பகிர்கிறேன்.

மடிப்பும் சோதனையும்

அமினோ அமிலச் சங்கிலி உரிய வடிவில் மடிந்தால்தான் புரதம் வேலை செய்யும். எண்டோபிளாச வலைக்குள் நுழையும் பல சங்கிலிகளில் 14 சர்க்கரை அலகுகள் கொண்ட கிளை ஒன்று பொருத்தப்படுகிறது. அதில் 3 குளுக்கோஸ், 9 மேனோஸ் உண்டு. இரண்டு குளுக்கோஸ் நீங்கியதும், எஞ்சிய ஒன்றைப் பிடித்துக்கொண்டு கால்நெக்சின் போன்ற துணைப் புரதங்கள் மடிப்புக்கு உதவுகின்றன. கடைசி குளுக்கோஸும் நீங்கியதும் புரதம் விடுபடுகிறது. மடிப்பு சரியில்லையென்றால், ஒரு நொதி மீண்டும் ஒரு குளுக்கோஸைச் சேர்த்து மறுவாய்ப்புத் தருகிறது.

ஆனால் வாய்ப்புக்கு எல்லை உண்டு. இதற்கிடையே மேனோஸ் அலகுகள் மெதுவாக வெட்டப்படுகின்றன. அதுவே கடிகாரம். நெடுநேரம் மடியாத புரதம் இவ்வாறு அடையாளம் காணப்படுகிறது.

வெளியேற்றம்

இத்தகைய புரதங்கள் வலைக்குள்ளேயே சிதைவதாக முதலில் கருதப்பட்டது. 1990களின் நடுவில் வெளிவந்த ஆய்வுகள், அவை சவ்வின் வழியே சைட்டோபிளாசத்துக்குத் திருப்பி இழுக்கப்படுவதைக் காட்டின. அங்கே 76 அமினோ அமிலங்கள் கொண்ட யுபிக்விட்டின் என்ற சிறு புரதம் சங்கிலியாக ஒட்டப்படுகிறது. ஏ.டி.பி. ஆற்றலைச் செலவிட்டு மற்றொரு புரதம் அதை வெளியே இழுக்கிறது. பீப்பாய் வடிவப் புரோட்டியசோம் அதைச் சிறு துண்டுகளாக்குகிறது. யுபிக்விட்டின் மட்டும் பிரிக்கப்பட்டு மீண்டும் பயன்படுகிறது. யுபிக்விட்டின் வழிச் சிதைவைக் கண்டறிந்த ஆரோன் சிச்சனோவர், அவ்ராம் ஹெர்ஷ்கோ, இர்வின் ரோஸ் மூவரும் 2004இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றனர்.

"உள்ளேயே வெட்டினால் என்ன?" என்பது மாணவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி. மடிந்துகொண்டிருக்கும் நல்ல புரதங்களும் அதே அறையில்தான் இருக்கின்றன என்று நினைவூட்டினால், விடையை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

செயல்பாடு

குழுவுக்கு ஒரு நீளக் காகிதப் பட்டை. அதில் மடிப்புக் கோடுகள். ஒரு குழுவின் பட்டையில் மட்டும் ஒரு கோடு இருக்காது. ஒவ்வொரு பட்டையிலும் ஒரு சிவப்புச் சீட்டும் (குளுக்கோஸ்) மூன்று நீலச் சீட்டுகளும் (மேனோஸ்) ஒட்டுங்கள். சிவப்புச் சீட்டை எடுத்ததும் ஒரு மாணவர் சோதிப்பார். சரியாக மடியாவிட்டால் அதைத் திரும்ப ஒட்டுவார். இரண்டு நிமிடத்துக்கு ஒரு நீலச் சீட்டைக் கிழிக்க வேண்டும். மூன்றும் போனால் பட்டை வகுப்புக்கு வெளியே போகும். அங்குள்ள குழு அதைத் துண்டுகளாக வெட்டும்.

சோதனை மிகக் கடுமையானால்?

இங்கேதான் பாடம் உயிர் பெறுகிறது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற மரபு நோயில் நுரையீரலிலும் கணையத்திலும் கெட்டியான சளி தேங்குகிறது. குளோரைடு அயனிகளைக் கடத்தும் சி.எஃப்.டி.ஆர். என்ற புரதத்தின் குறையே காரணம். அதன் 1480 அமினோ அமிலங்களில் 508ஆவதான ஃபினைல்அலனின் இல்லாமல் போவதே மிகுதியாகக் காணப்படும் மாற்றம். அந்தப் புரதம் செல் சவ்வை அடையும் முன்பே ஏறக்குறைய முழுவதும் சிதைக்கப்படுகிறது. ஆனால் ஆய்வகத்தில் குறைந்த வெப்பநிலையில் வளர்த்த செல்களில் அதில் ஒரு பகுதி சவ்வை அடைந்து, ஓரளவு வேலையும் செய்தது. அதாவது, முற்றிலும் பயனற்றது என்று சொல்ல முடியாத ஒன்றைச் செல் அழித்துவிடுகிறது. அதன் மடிப்பைச் சீராக்கும் மருந்துகள் இன்று பயன்பாட்டில் உள்ளன.

மதிப்பீட்டு வினாக்கள்

1. மேனோஸ் வெட்டப்படுவது ஏன் மெதுவாக நடக்க வேண்டும்?
2. புரோட்டியசோம் செயலிழந்தால் எண்டோபிளாச வலையில் என்ன நேரும்?
3. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸில் குறை புரதத்திலா, சோதனையிலா? காரணம் கூறுக.

மூன்றாம் வினாவுக்கு ஒரே வரியில் விடை இல்லை. மாணவர்கள் இரு பக்கமும் வாதிடட்டும். தேர்வில் இது வராமல் போகலாம். ஆயினும் செல் என்பது பெயர் குறித்த படம் மட்டுமன்று, ஒவ்வொரு நொடியும் முடிவெடுக்கும் உயிர் அமைப்பு என்பது அந்த வாதத்தில் அவர்களுக்குப் புரிந்துவிடும்.