ஊராட்சியும் ஊர்க்காவலும்

காவல் என்னுஞ் சொல் தமிழிற் பரந்த பொருளுடையது. கள்வராலும் கொடியோராலும் மக்களுக்குத் துன்பம் நேராவண்ணம் தடுத்தலும் காவலே. ஏரியும் காடும் பயிரும் பறவையும் அழியாவண்ணம் பேணுதலும் காவலே. பண்டை நாளில் இவ்விரு காவலையும் ஊராரே தம் கடமையெனக் கொண்டிருந்தனர். இக்காலத்திலோ முன்னது போலீஸ் இலாகாவின் தொழிலாகவும், பின்னது வன இலாகாவின் தொழிலாகவும் பிரிந்து, ஊரார் இரண்டிற்கும் புறம்பே நின்று பார்ப்போராயினர். ஊராரின் துணையின்றி இக்காவல் நிறைவேறுமோ? நிறைவேறாதெனின், அத்துணையை எம்முறையிற் பெறுதலும், எவ்வெல்லைக்குள் நிறுத்துதலும் தகும்? இவ்வினாக்களை மெய்யாக நிகழ்ந்த சில செய்திகளைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பண்டைய முறை

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்தனவாய், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளுக்குரிய கல்வெட்டுக்கள் இரண்டு உள்ளன. ஊரை 30 குடும்புகளாகப் பகுத்து, தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒன்றுமறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்து, வாரியப் பெருமக்களைத் தெரிந்தெடுத்த முறையை அவை விரித்துரைக்கின்றன. தெரிந்தெடுக்கப்பட்டோருள் பன்னிருவர் ஆண்டு வாரியமாகவும், பன்னிருவர் தோட்ட வாரியமாகவும், அறுவர் ஏரி வாரியமாகவும் அமர்ந்தனர். ஓர் ஊரின் ஆட்சியில் ஏரிக்கெனவும் தோட்டத்திற்கெனவும் தனித்தனி வாரியங்கள் இருந்தமை, இயற்கைச் செல்வத்தைப் பேணுதலை நம் முன்னோர் ஆட்சியின் புறத்தே வைத்திலர் என்பதைத் தெற்றென விளக்கும்.

வாரியத்தில் ஒருமுறை இருந்து கணக்குக் காட்டாதொழிந்தவனும், அவனுடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் வாரியத்திற்கு உரியரல்லர் என்று அக்கல்வெட்டு விதித்தலும் ஈண்டு உளங்கொளத் தக்கது. ஆயினும் அம்முறையைக் குறையற்றதெனப் புகழ்தல் பொருந்தாது. அவ்வவை நிலமுடைய அந்தணர்தம் அவை. நிலத்தை உழுதோருக்கும் பெண்டிருக்கும் ஆங்கு இடமில்லை. கணக்குக் காட்டுதலைப் பண்டையோரிடமிருந்தும், எல்லாருக்கும் இடம் அளித்தலைப் பிற்காலத்திலிருந்தும் நாம் கற்றல் வேண்டும்.

இனி, மக்களைக் காக்குங் காவலை நோக்குவோம். ஊர்க்காவலின் பொருட்டுப் பாடிகாவல் என்னும் பெயரால் வரி பெறப்பட்ட செய்தியைச் சோழர் கல்வெட்டுக்களால் அறிகின்றோம். பிற்காலத்தே தென் மாவட்டங்களிற் காவற்காரர் என்போர் ஊராரிடமிருந்து விளைச்சலில் ஒரு பங்கைப் பெற்றுக் காவல் புரிந்தனர். களவு போன பொருளைக் கண்டுபிடித்தல், இயலாவிடின் அதற்கு ஈடு கொடுத்தல் என்பது அவர்கள் ஏற்றுக்கொண்ட பொறுப்பு. இது நல்லதொரு முறையே. ஆயினும் அவர்களைக் கேட்பாரில்லாத இடங்களில் அது தலைகீழாயிற்று. காவற்கூலி கொடாதவனுடைய மாடுகள் இரவில் மறைதலும், துப்புக்கூலி கொடுத்த பின்னர் அவை தாமே வீடு திரும்புதலும் வழக்கமாயின. காப்பவனே அஞ்சப்படுவோனாயினான். 1859-ஆம் ஆண்டின் 24-ஆம் சட்டத்தால் சென்னை மாகாணத்திற்குப் புதிய போலீஸ் அமைப்பு வகுக்கப்பட்ட பின்னர், ஊரின் காவல் மேலும் மேலும் சர்க்காரின் காவலாயிற்று.

2. வேடந்தாங்கல்

ஊராரும் அதிகாரிகளும் உடன்பட்டுக் காத்த பொருள் நெடுங்காலம் நிலைபெறும் என்பதற்கு வேடந்தாங்கல் சிறந்த சான்று. செங்கற்பட்டு மாவட்டத்து மதுராந்தகத்திற்கு அணித்தாயுள்ள இச்சிற்றூரின் ஏரியில், நீருள் நிற்கும் மரங்களில், நாரையும் கொக்கும் நீர்க்காகமும் அரிவாள்மூக்கனும் ஆண்டுதோறும் கூடு கட்டுகின்றன. இப்பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலிற் பாயுங்கால் எருவாகிப் பயிரைச் செழிப்பிக்கும் என்பதை அவ்வூர் உழவர் அனுபவத்தால் அறிந்திருந்தனர். ஆகவே பறவைகளை வேட்டையாடுவோர் தம் விளைச்சலையே வேட்டையாடுவோர் என்பது அவர்கள் கருத்து.

கம்பெனி ஆட்சியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஆங்குப் பறவைகளைச் சுடத் தலைப்பட்டபோது, ஊரார் கலெக்டரிடம் முறையிட்டனர். கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் என்பார், பறவைகளைக் காக்கும் உரிமை ஊராருக்கு உண்டென 1798-ஆம் ஆண்டையொட்டி ஒரு கவுல் எழுதிக் கொடுத்தார். 1858-இல் ஊராரின் வேண்டுகோட்கிணங்க அவ்வுரிமை மீண்டும் உறுதி செய்யப்பட்டது. 1936-இல் அரசாங்கம் இவ்வேரியைப் பறவைகளின் சரணாலயமாக ஏற்றுக்கொண்டது. அஃதாவது, சரணாலயம் என்னும் பெயர் ஏற்படுவதற்கு நூறாண்டுகளுக்கு மேல் முன்னரே அதன் பொருள் அவ்வூரில் வழங்கி வந்தது. கூடு கட்டுங் காலத்தில் வரும் தீபாவளியன்றும் பறவைகள் வெருளாதிருத்தற்பொருட்டு வெடி கொளுத்தாமை அவ்வூரார் வழக்கம்.

இவ்வரலாற்றில் மூன்று செய்திகள் அடங்கியுள்ளன. ஊராருக்குக் காவலினால் நன்மை உண்டு. அவர்தம் உரிமை எழுத்து வடிவிற் கொடுக்கப்பட்டது. அதிகாரிகள் ஊரார்க்குப் பகையாகாது துணையாயினர். இம்மூன்றுள் ஒன்று குறைந்திருப்பினும் வேடந்தாங்கல் இன்று நாமறிந்த வேடந்தாங்கலாக இராது.

3. கள்வரே காவலராயின கதை

தேனி மாவட்டத்து எல்லையை அடுத்து, கேரள நாட்டுத் தேக்கடியில், பெரியாற்றுப் புலிகள் காப்பகம் பரந்து கிடக்கின்றது. 1895-இற் கட்டி முடிந்த முல்லைப் பெரியாற்று அணையின் நீர்த்தேக்கம் இக்காட்டின் நடுவே உள்ளது; கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களும் மதுரைச் சீமையும் உண்ணும் நீர் இக்காட்டு மழையின் கொடையே. 1978 முதல் புலிகள் காப்பகமாக விளங்கும் இக்காட்டில், காட்டு இலவங்க மரத்தின் பட்டையை உரித்து விற்கும் திருட்டுத் தொழில் நெடுநாள் நடந்தது. அம்மரத்தை ஆங்குள்ளார் வயணா என்பர். பட்டையுரித்த மரம் பட்டுப்போகும். உரிக்கச் சென்றோர் காட்டில் தங்கி விலங்குகளையும் வேட்டையாடுவர். வன இலாகாவினர் பிடித்து வழக்கிடுவதும், பிடிபட்டோர் வழக்குச் செலவிற்காக மீண்டும் காடு புகுவதுமாக இத்தீமை சுழன்று வந்தது.

1996-இல் உலக வங்கியின் உதவியோடு இந்திய அரசாங்கம் தொடங்கிய சூழல் மேம்பாட்டுத் திட்டம் பெரியாற்றிலும் நடைபெற்றது. காட்டையடுத்த ஊர்களில் எழுபதுக்கு மேற்பட்ட குழுக்கள் நிறுவப்பட்டன. ஊராருள் ஒருவர் தலைவராகவும், வன இலாகா அலுவலர் ஒருவர் செயலாளராகவும் இருந்து கணக்குகளை நடத்துதல் அக்குழுக்களின் அமைப்பு. அக்காலத்தே, பட்டை உரித்து வந்தோர் இருபத்து மூவருடன் அதிகாரிகள் ஓர் உடன்பாடு செய்தனர். அவர்கள் அத்தொழிலை விட்டொழிப்பது. தாம் அறிந்த காட்டுத் தடங்களையும் திருட்டு வழிகளையும் காவலுக்குப் பயன்படுத்துவது. அதற்கீடாக அவர்கள்மேலிருந்த வழக்குகளை அரசாங்கம் கைவிடுவது. 1998-இல் அவர்கள் தனிக் குழுவாயினர். பயணிகளைக் காட்டினுள் நடத்திச் சென்று காட்டும் தொழிலால் அவர்களுக்கு ஊதியமும் குழுவிற்குப் பொதுநிதியும் கிடைத்தன. பயணிகளோடு நடக்கும் நடையே காட்டைச் சுற்றிவரும் காவலுமாயிற்று. அவர்கள் தந்த துப்பினால் வேறு பல திருட்டுக் கூட்டத்தார் பிடிபட்டனர்.

2002-இல் அவ்வட்டாரத்துப் பெண்டிர் ஏறத்தாழ நூற்றுவர் வசந்தசேனை என்னும் பெயரால் ஒன்றுகூடினர். நாள்தோறும் சிலராக முறை வைத்துக்கொண்டு, கூலி பெறாது, சந்தன மரங்கள் நிற்கும் காட்டுப் பகுதியைச் சுற்றிவருதல் அவர்கள் மேற்கொண்ட பணி. அவர்கள் கையிற் படைக்கலம் இல்லை. எவரையும் தண்டிக்கும் அதிகாரமும் இல்லை. ஊர்ப்பெண்டிர் காண்கின்றனர் என்னும் அச்சமும் நாணுமே திருடரைத் தடுக்குங் கருவிகளாயின. பழகியவர் கண் படுதல் பல வேளைகளில் துப்பாக்கியினும் வலிய காவலாம்.

4. போலீஸாரும் பொதுமக்களும்

1829-இல் இலண்டன் மாநகரில் ஸர் ராபர்ட் பீல் என்பார் புதிய போலீஸ் படையை நிறுவிய நாள் முதல், பொதுமக்களின் நன்மதிப்பே போலீஸாரின் வலிமை என்னுங் கொள்கை வளர்ந்து வந்துள்ளது. நம் நாட்டில் 1993-இல் இராமநாதபுரம் மாவட்டத்துப் போலீஸ் சூப்பிரண்டாயிருந்த பிரதீப் பிலிப் என்பார் போலீஸ் நண்பர் குழு என்னும் இயக்கத்தைத் தோற்றுவித்தார். அது பின்னர்த் தமிழ்நாடெங்கும் பரவிற்று. கேரளத்தில் 2008-இல் ஜனமைத்ரி என்னுந் திட்டம் 20 போலீஸ் நிலையங்களில் தொடங்கிற்று. ஒவ்வொரு வட்டாரத்திற்கும் ஒரு போலீஸ்காரர் குறிக்கப்பட்டு, வீடுதோறுஞ் சென்று மக்களை அறிந்து பழகுதலும், ஊராரடங்கிய குழு கூடி வட்டாரத்துக் குறைகளை ஆராய்தலும் அதன் சிறப்பியல்புகள்.

இவற்றின் நன்மையைக் கூறுவோர், இவற்றால் வரக்கூடிய இடரையுங் கூறுதல் நேர்மையாகும். 2020 ஜூன் மாதத்தில், தூத்துக்குடி மாவட்டத்துச் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்திற்குமேற் கடை திறந்திருந்ததாகக் கூறிப் பிடிக்கப்பட்ட வணிகரான தந்தையும் மகனும் காவலில் உயிர் துறந்தனர். அக்கொடுமை நாட்டையே உலுக்கிற்று. போலீஸ் நண்பர் என்போருக்கும் அதிற் பங்குண்டு என்னும் குற்றச்சாட்டு எழுந்தது. இயக்கத்தைச் சார்ந்தோர் அதனை மறுத்தனர். எனினும் அவ்வாண்டு ஜூலை மாதத்தில் தமிழ்நாட்டு அரசாங்கம் அவ்வியக்கத்தைத் தடைசெய்தது. குற்றம் எவருடையது என்பதை முடிவு செய்தல் நீதிமன்றத்தின் வேலை. நாம் அறிய வேண்டுவது வேறொன்று. போலீஸ் நிலையத்தினுள் நிற்கும் தொண்டன் எவன், அவனைச் சேர்த்தவர் எவர், அவன் எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்பதை ஊரார் தெளிவாக அறியாவிடில், நண்பன் என்னும் பெயரே ஐயத்திற்கிடமாகும். பழைய காவற்காரர் வரலாறு கற்பித்ததும் இப்பாடமே.

5. சட்டம் தரும் இடம்

1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 73-ஆம் திருத்தம் ஊராட்சிகளுக்கு நிலையான இடம் அளித்தது. அத்திருத்தத்தாற் சேர்க்கப்பட்ட பதினோராம் அட்டவணையில் 29 பொருள்கள் கூறப்பட்டுள. சிறுபாசனம், நீர் மேலாண்மை, சமூகக் காடு வளர்ப்பு, சிறு வன விளைபொருள் ஆகியன அவற்றுட் சேரும். போலீஸ் அவற்றுள் இல்லை. அது மாநில அரசாங்கத்தின் அதிகாரத்திற்குட்பட்டது. ஆகவே இயற்கையைக் காத்தலில் ஊராட்சிக்குள்ள பிடிப்பு, போலீஸ் தொடர்பில் அதற்கில்லை. ஆங்கு நல்லெண்ணத்தாலும் உடன்பாட்டாலுமே கூட்டுறவு இயலும்.

2002-ஆம் ஆண்டின் பல்லுயிர் வகைமைச் சட்டம் இன்னும் ஒரு படி மேற்சென்று, ஒவ்வோர் உள்ளாட்சியும் பல்லுயிர் மேலாண்மைக் குழு ஒன்றை நிறுவுதல் வேண்டும் என்றும், அக்குழு தன் ஊரிலுள்ள செடிகொடிகளையும் உயிரினங்களையும் அவைபற்றிய மக்கள் அறிவையும் ஓர் ஏட்டிற் பதிதல் வேண்டும் என்றும் விதித்தது. மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி 2022-இல் இச்சட்டத்தின்கீழ்த் தமிழ்நாட்டின் முதற் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024-இல் அப்பகுதியையும் உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்கத்திற்கு ஏலம் விடப்பட்டபோது, அவ்வட்டாரத்துக் கிராமசபைகள் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றின. மாநிலச் சட்டசபையும் டிசம்பரிற் தீர்மானம் இயற்றிற்று. 2025 ஜனவரியில் அவ்வேலம் கைவிடப்பட்டது. சிற்றூர் மன்றத்தின் தீர்மானம் வெறுங் காகிதமன்று என்பதற்கு இதனினும் அண்மைச் சான்று வேண்டா.

6. கூட்டுறவிற்கு வேண்டுவன

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், நிலைபெறும் கூட்டுறவிற்கு இன்றியமையாதன ஐந்து புலனாகும்.

முதலாவது, காப்போருக்குப் பயன் கிட்டல் வேண்டும். வேடந்தாங்கல் உழவருக்கு நீரெருவும், பட்டை உரித்தோருக்கு நேர்மையான ஊதியமும் கிடைத்தன.

இரண்டாவது, உரிமையும் எல்லையும் எழுத்தில் இருத்தல் வேண்டும். கண்டதைக் கூறுதலும் சுற்றிவருதலும் ஊராருக்கு ஏற்றன. பிடித்து அடித்தலும் விசாரித்தலும் ஒருபோதும் ஏலா. தன் கண்முன் கொடுங்குற்றம் புரிந்தவனைத் தனி மனிதன் பிடிக்கலாம் என்று சட்டம் கூறினும், அவனைத் தாமதமின்றிப் போலீஸாரிடம் ஒப்புவித்தல் வேண்டும் என்றே அச்சட்டம் விதிக்கின்றது.

மூன்றாவது, கணக்கு. பணக்கணக்கு மட்டுமன்று, செயற்கணக்கும் ஊர்மன்றத்தின்முன் வைக்கப்படல் வேண்டும்.

நான்காவது, எல்லாருக்கும் இடம். ஒரு தெருவார் மட்டும் கூடிய காவற்குழு மற்றத் தெருவாருக்கு வேவுப்படையாகத் தோன்றும்.

ஐந்தாவது, முறையிட வழி. தவறு செய்த தொண்டன்மேலும் அதிகாரிமேலும் அஞ்சாது முறையிட ஊராருக்கு இடம் இல்லையேல், ஏனைய நான்கும் பயனற்றனவாம்.

மாணவர்களாகிய நமக்கு இவற்றில் என்ன பங்குண்டு எனச் சிலர் வினவலாம். பதினெட்டு வயது நிரம்பித் தம் ஊர் வாக்காளர் பட்டியலிற் பெயர் பதிந்த ஒவ்வொருவரும் கிராமசபையின் உறுப்பினரே. தமிழ்நாட்டில் ஆண்டிற்கு ஆறு முறை அது கூடுதல் வேண்டுமென 2022 முதல் ஏற்பாடு உள்ளது. விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் அக்கூட்டத்திற்கு ஒருமுறை சென்று, தம் ஊரிற் பல்லுயிர் மேலாண்மைக் குழு உண்டோ, அதன் ஏடு எழுதப்பட்டுளதோ என்று வினவுக. எழுதப்படாவிடின், தாவரநூல் பயில்வோரும் விலங்குநூல் பயில்வோரும் முதியோரிடம் கேட்டு எழுத உதவுக. சட்டம் பயில விரும்புவோர் காவலின் எல்லையை ஊராருக்கு எடுத்துரைக்க. இவை சிறு பணிகளாகத் தோன்றலாம். ஆயினும் உத்திரமேரூரின் ஏரி வாரியம் அறுவர். பெரியாற்றுக் காட்டின் முதற் குழு இருபத்து மூவர். ஊரின் நலம் எக்காலத்தும் இத்தகைய சிலருடைய கையிலேயே தொடங்கியுள்ளது.