துணையிழந்த முதியோரின் உறக்கமும் உடற் கடிகாரமும்

உயிரினங்களில் பெரும்பாலானவை பகலிரவுக்கு இசைந்தே இயங்குகின்றன. மனித மூளையில், பார்வை நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்திற்குச் சற்று மேலே, அரிசியினும் சிறிய இரு நரம்பணுத் திரள்கள் உள்ளன. உறக்கம், விழிப்பு, உடல் வெப்பம் ஆகியவற்றின் நாள்முறையை நடத்தும் கடிகாரம் இதுவே. இதன் சுற்று 24 மணியினும் சில நிமிடங்கள் மிகுதியானது. ஆதலின் நாள்தோறும் அதனைத் திருத்தி வைக்க வெளிக் குறிப்புகள் வேண்டும். அவற்றுள் தலையாயது காலையொளி.

தோழமையும் அத்தகைய குறிப்பாகலாம் என்பதை மதுரைக்கு அருகே நடந்த ஓர் ஆய்வு விளக்கிற்று. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்து அறிஞர் எம். கே. சந்திரசேகரனும் அவர்தம் குழுவினரும் 1981இல் அதனை வெளியிட்டனர். இருண்ட குகையில் கூண்டிலிருந்த வௌவால், உடனுறை வௌவால்கள் மாலையில் வெளியேறி விடியலில் திரும்பும் காலத்தையே தானும் பின்பற்றியது. தோழமையற்ற குகையில் தனித்திருந்த வௌவாலின் காலமோ நாளுக்கு நாள் விலகிச் சென்றது.

மனிதன் வௌவாலைப் போல் இருளில் அடைபட்டவன் அல்லன். எனினும் நெடுநாள் உடன் வாழ்ந்த கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் நேரங்காட்டிகளே. பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை ஆகிய ஊர்களிலும், இடுக்கியின் மூணாறு, பீர்மேடு மலைத்தோட்ட லயங்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களை எண்ணுக. விடியலில் ஒருவர் தேநீர் காய்ச்ச, மற்றவர் எழுவார். தொழிற்சாலைச் சங்கு கேட்டு வேலைக்குச் சென்ற காலம் ஓய்வுடன் முடிந்தபின், உணவு, மருந்து, படுக்கை ஆகிய அனைத்திற்கும் துணைவரின் குரலே சங்காகிறது. ஒருவர் மறைந்தால் அக்குறிப்புகள் யாவும் ஒரே நாளில் நின்றுவிடுகின்றன. தனக்கென மட்டும் அடுப்பு மூட்ட மனம் வருவதில்லை, உணவு தவறுகிறது, பகலில் கண்ணயர்வும் இரவில் விழிப்பும் மிகுகின்றன.

முதுமை இத்துன்பத்தைப் பெருக்குகிறது. வயது ஏற ஏற ஆழ்ந்த உறக்கம் குறையும். கண்வில்லை மஞ்சளித்துக் கடிகாரத்திற்கு வேண்டிய நீலவொளியைத் தடுக்கும். ஏறத்தாழ 10 பாகை வடக்கிலுள்ள இப்பகுதியில், மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேரத்திற்குச் சற்று மேற்பட்ட வேறுபாடே உண்டு. ஆகவே, ஆண்டு முழுவதும் ஒளிக்குக் குறைவில்லை. ஆயினும் துக்கம் காக்கும் கைம்பெண் அறையை விட்டு வெளிவராதிருந்தால் அவ்வொளி அவரை எட்டாது.

ஆறுதல் தரும் செய்தியும் ஒன்றுண்டு. துணையிழந்த முதியோரை ஆராய்ந்து 2008இல் அமெரிக்க அறிஞர் வெளியிட்ட முடிவின்படி, அவர்தம் உறக்கம் குலைந்திருந்தும் உடல் வெப்பத்தின் நாள்முறை பெரிதும் நிலைத்திருந்தது. அஃதாவது, கடிகாரம் பழுதுபடவில்லை. அதனை நம்பி, நாளை மீண்டும் ஒழுங்கு செய்யலாம்.

இரவு எங்ஙனம் கழியினும் எழும் நேரம் ஒன்றாயிருத்தல் வேண்டும். எழுந்ததும் அரை மணி நேரம் முற்றத்திலோ திண்ணையிலோ இருத்தல் நன்று. உணவுக்கு நேரம் குறித்தலும், பகலுறக்கத்தை நண்பகலை ஒட்டி அரை மணிக்குள் அடக்குதலும், பிற்பகலில் தேநீரையும் காப்பியையும் தவிர்த்தலும் பயன் தரும். மருத்துவரைக் கேளாது உறக்க மாத்திரை உட்கொள்ளலாகாது. அது முதியோரைத் தடுமாறி விழச் செய்யும். துயரம் பல திங்கள் சென்றும் தணியாவிடினும், உயிர் வாழ விருப்பமின்மை தோன்றினும், உடனே மருத்துவ உதவி நாட வேண்டும். 2022இல் மைய அரசு தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசிச் சேவையை 14416 என்னும் எண்ணில் தமிழிலும் மலையாளத்திலும் அழைக்கலாம்.

பதினாறாம் நாள் காரியம் வரை உறவினரால் வீடு நிறைந்திருக்கும். அதன்பின்னரே உண்மையான தனிமை தொடங்குகிறது. பதினேழாம் நாள் முதல் நாள்தோறும் ஒரே நேரத்தில் வந்து கதவைத் தட்டும் அண்டை வீட்டார், துணையிழந்தோர்க்கு ஆறுதல் மட்டுமன்றி, நின்றுபோன நேரக்குறிப்பையும் மீட்டுத் தருகின்றனர்.