சரக்கு வண்டியின் காவல்

காஞ்சிபுரத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் இடையே அமைந்த நெசவாளர் ஊர் ஐயம்பேட்டை. தறியில் நெய்யும்போது பாவில் ஓர் இழை அறுந்தால், நெசவாளர் தறியை நிறுத்தி, அவ்விழையைப் பிணைத்த பின்னரே மேலே நெய்வர். பிணைக்காது விட்ட ஓர் இழை சேலை முழுவதற்கும் குறையாகும் என்பதை அவர்கள் நன்கு அறிவர். அவ்வூருக்கு அண்மையில் செல்லும் இருப்புப்பாதையிலும் இம்முறைமையே பொருளையும் உயிரையும் காக்கின்றது.

செங்கற்பட்டையும் அரக்கோணத்தையும் இணைக்கும் அப்பாதையில் உள்ளது வாலாஜாபாத் நிலையம். சுற்றுப்புறத் தொழிற்சாலைகளில் உருவாகும் புதிய கார்கள் சாலை வழியே இங்கு வந்து, சரக்கு இரயிலில் ஏறி நெடுந்தொலைவு சென்று, மீண்டும் சாலையில் இறங்குகின்றன. சாலையும் இருப்புப்பாதையும் இவ்வாறு ஒன்றுசேர்ந்து பொருளைச் சுமப்பதை இணைப்புப் போக்குவரத்து என்பர். பொருள் கைமாறும் ஒவ்வோர் இடத்திலும் தவறு நுழைவதற்கு வழி உண்டு. இடர் நேர்ந்தால் பயணி கூவுவார். அபாயச் சங்கிலியை இழுப்பார். சரக்கோ வாய் பேசாது. ஆதலின் அதற்காகப் பிறர் விழித்திருத்தல் வேண்டும்.

காரின் சக்கரங்கள் அசையாதவாறு கட்டப்பட்டுள்ளனவா, பெரும் பெட்டகத்தின் நான்கு மூலைப் பூட்டுகளும் விழுந்துள்ளனவா என்று ஏற்றுவோர் பார்க்கவேண்டும். சக்கரம், அச்சு, இணைப்பு, தடை ஆகியவற்றைப் பரிசோதகர் ஆராய்வார். வண்டி நிலையத்தைக் கடக்கும்போது, புகையோ, தொங்கும் பொருளோ தெரிகின்றதா என நிலையப் பணியாளர் நோக்குவர். வண்டியின் இறுதியில் பகலில் ஓர் அடையாளப் பலகையும், இரவில் சிவப்பு விளக்கும் இருக்கும். அதனைக் கண்ட பின்னரே, பெட்டி எதுவும் வழியில் அறுந்து நிற்கவில்லை என்று நிலைய அதிகாரி துணிவார்.

மனிதர் கண் தவறினும் காக்கும் கருவியும் வேண்டும். 1889ஆம் ஆண்டு அயர்லாந்தில் அர்மா என்னும் ஊருக்கருகே, ஏற்றத்தில் நின்ற ஓர் இரயிலிலிருந்து பிரிக்கப்பட்ட பெட்டிகள் பின்னோக்கி உருண்டு, அடுத்து வந்த வண்டியின்மீது மோதின. ஏறத்தாழ 80 பேர் மாண்டனர். பிரிந்த பெட்டிகளில் தாமே இயங்கும் தடை இல்லாமையே இத்துயர் விளையக் காரணமாயிற்று. அத்தகைய தடையைப் பயணி வண்டிகளில் கட்டாயமாக்கும் சட்டம் அவ்வாண்டிலேயே பிறந்தது. ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் என்னும் அமெரிக்கர் 1872ஆம் ஆண்டிலேயே இதற்கு வழி கண்டிருந்தார். வண்டி நெடுக ஒரு குழாயில் அழுத்தக் காற்று நிற்கும். அவ்வழுத்தம் குறைந்தால், ஒவ்வொரு பெட்டியிலும் சேமித்துள்ள காற்று தடையை இறுக்கும். இணைப்பு அறுந்தால் குழாயும் பிரியும், காற்று வெளியேறும், இரு பகுதிகளும் தாமே நிற்கும். பழுது நேர்ந்தால் வண்டி ஓடாது நிற்கவேண்டும் என்பதே இதன் உட்கருத்து.

இத்தனை காவலையும் மீறி இடர் வருவதும் உண்டு. 2025ஆம் ஆண்டு ஜூலை 13ஆம் நாள் விடியற்காலையில், திருவள்ளூர் அருகே டீசல் ஏற்றிச் சென்ற சரக்கு வண்டி தடம்புரண்டு தீப்பற்றியது. 18 டேங்கர் பெட்டிகள் எரிந்தன. மேலே செல்லும் கம்பிகளில் மின்னோட்டம் நிறுத்தப்பட்டது. தீப்பற்றாத பெட்டிகள் பிரித்து அகற்றப்பட்டன. அருகில் வாழ்ந்தோர் வெளியேற்றப்பட்டனர். பொருட்சேதம் பெரிதாயினும் உயிர்ச்சேதம் நேரவில்லை. தீ எழுந்தபின் செய்யவேண்டுவதை முன்னரே வகுத்துப் பழகுதலும் காவலின் ஒரு கூறே என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது.

ஐயம் தோன்றினால் வண்டியை நிறுத்துபவரே கடமை உணர்ந்தவர். வண்டி காலந்தாழ்ந்தது என்று அவரைக் கடிந்தால், அடுத்த முறை குறையைக் கண்டும் அவர் வாளாவிருப்பார். ஆகவே, குறையைக் கூறுவோருக்குச் செவிகொடுத்தல் மேலதிகாரிகளின் முதற்கடமை ஆகும். தாமதத்தால் இழந்த ஒரு மணி நேரத்தை நாளை ஈட்டலாம். இழந்த உயிரை எவராலும் மீட்க இயலாது.