ஜுரக் குழந்தையும் ஒரு டப்பா சிறுநீரும்

சளியோ இருமலோ வயிற்றுப்போக்கோ இல்லாமல் கைக்குழந்தையின் உடம்பு அனலாய்க் கொதிக்குமானால், சிறுநீர்ப் பாதையில் கிருமி புகுந்திருக்குமோ என்று வைத்தியர் சந்தேகிப்பது நியாயமே. அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கும் பரிசோதனையின் யோக்கியதையோ, பெரும்பாலும் டப்பாவைப் பிடிக்கும் கையைப் பொறுத்தது. குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றபின், மும்பை கிங்ஸ் சர்க்கிளில் என் வீட்டுக்கு வரும் தாய்மார்களிடம் நான் ஓயாமல் சொல்வது இதைத்தான்.

"பையை ஒட்டிட்டா சுலபமாச்சே, மாமி?" என்று கேட்காதவர் அபூர்வம். ஒட்டுப்பையில் சேரும் சிறுநீர் தோலிலும் ஆசனவாயருகிலும் உள்ள கிருமிகளையும் வாரிக்கொண்டு வருவதால், அதில் தோஷமில்லை என்று முடிவு வந்தால் நம்பலாமேயன்றி, கல்ச்சரில் கிருமி வளர்ந்தது என்பதை மட்டும் கொண்டு வியாதியை நிச்சயிக்கலாகாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2011-இல் வெளியிட்ட வழிகாட்டியும் இவ்வாறே கூறியது.

நம் பாட்டிமார் காலை நீட்டி உட்கார்ந்து, பாதங்களின் மேல் குழந்தையை இருத்தி, 'ஸ்ஸ்' என்று ஒலியெழுப்பி ஒன்றுக்குப் போகச் செய்வார்களே, அந்தப் பழக்கமுள்ள குழந்தையிடம் சிறுநீரை நேரே டப்பாவில் பிடிப்பது எளிது. எண்ணெயும் பவுடரும் போகச் சோப்பு நீரால் கழுவித் துடைத்து (டெட்டால் கூடாது, அது கிருமியைக் கொன்று முடிவை மாற்றிவிடும்), பால் குடித்துச் சற்று நேரம் கழிந்தபின், முதல் துளிகளை விட்டுவிட்டு, விளிம்பு தோலில் படாதபடி லேப் கொடுத்த டப்பாவில் பிடிக்கவேண்டும். குளிர்ந்த ஈரத்துணியால் அடிவயிற்றை மெல்லத் தேய்ப்பதும் பலன் தரும்: மெல்போர்னில் நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், இவ்விதம் செய்த குழந்தைகளில் நூற்றுக்கு 31 பேர் ஐந்து நிமிஷத்துக்குள் சிறுநீர் கழித்தனர், வெறுமே காத்திருந்தவர்களில் 12 பேர்தான்.

குழந்தை துவண்டு கிடந்தால் காத்திருத்தல் தகாது. மெல்லிய குழாயைச் செலுத்தி வைத்தியர் உடனே எடுக்கட்டும். அன்னையர் அஞ்சுவது எனக்குப் புரிகிறது, எனினும் க்ஷணநேர வேதனையைக் காட்டிலும், கவனியாது விட்ட தொற்று சிறுநீரகத்தில் தழும்பிடுவது கொடியது. கூடியமட்டும் ஆன்டிபயாடிக்கின் முதல் வேளைக்கு முன்பே மாதிரி எடுத்துவிடவேண்டும்.

ஆடி மழையில் எங்கள் காந்தி மார்க்கெட் பக்கம் முழங்காலளவு நீர் நின்று ஒரு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போக இயலாதெனின், டப்பாவை இறுக மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். 24 மணி நேரம் வரை பாதகமில்லை. வெளியே வைத்தால் கிருமி பெருகும். பிடித்த வேளையையும் விதத்தையும் சீட்டில் எழுதி ஒட்டிக் கொடுங்கள். அதையும் பார்த்துத்தான் வைத்தியர் முடிவை எடைபோட முடியும்.