கியர் மாற்ற எவ்வளவு றேஸ் குடுக்க வேணும்?



ஏ9 வீதியால் போகிற வாகனங்கள் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்காமல் போவது குறைவு. தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, ஒரு சரை கச்சானும் வாங்கிக்கொண்டுதான் திரும்ப வெளிக்கிடுவார்கள். அடுத்தமுறை அங்கே இறங்கினால், வெளிக்கிடுகிற வாகனங்களின் சத்தத்தைக் கொஞ்சம் காது குடுத்துக் கேளுங்கள். சில சாரதிமார் எடுக்கும்போது எஞ்சின் சத்தம் மெல்ல ஏறி, தணிந்து, மறுபடி ஏறும். வேறு சிலர் ஒவ்வொரு கியருக்கும் முன்னால் "உர்ர்ர்" என்று ஒரு உறுமல் விடுவார்கள். நாங்கள் இதை றேஸ் குடுக்கிறது என்று சொல்லுவோம். எங்கள் தோட்டத்து உழவு இயந்திரக்காரரிலும், புதிதாக லைசென்ஸ் எடுத்த பெடியளிலும் இரண்டாவது வகைதான் கூட.

இதை எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் உழவு இயந்திரத்தின் கிளச் பிளேட் ஒருநாள் எரிந்து போனது. அதை மாற்ற இயந்திரத்தையே நடுவாலே இரண்டாகப் பிரிக்க வேணும். பாகத்தின் விலை ஒரு பக்கம், கராஜ் கூலி இன்னொரு பக்கம். அதைவிட, காய் ஏற்ற வாகனம் இல்லாமல் தேங்காய் குவியலாகக் கிடக்க, எண்ணிக்கைக் கூலிக்கு ஏற்றி இறக்குகிற ஆட்கள் எத்தனையோ நாள் வெறுங்கையோடு வீட்டுக்குப் போனார்கள். ஓட்டினவர் கெட்ட ஓட்டுநர் அல்ல. பழகின பழக்கம் அப்படி.

றேஸ் எதற்குத் தேவை என்பதை முதலில் விளங்கிக்கொள்ளுவோம். ஓடிக்கொண்டிருக்கிற பஸ்சில் ஏறுகிறவன் என்ன செய்கிறான்? பஸ்சின் வேகத்துக்குத் தானும் நாலு அடி ஓடிவிட்டுத்தான் காலை வைக்கிறான். நின்றபடி கம்பியைப் பிடித்தால் இழுத்து விழுத்திவிடும். பஸ்சைவிட வேகமாக ஓடினாலும் ஏறமுடியாது. கியரும் இப்படித்தான். சில்லுகள் சுற்றுகிற வேகமும் எஞ்சின் சுற்றுகிற வேகமும் அந்தந்தக் கியருக்கு ஏற்ற கணக்கில் பொருந்த வேணும்.

உதாரணத்துக்கு ஒரு லொறி மூன்றாம் கியரில், நிமிடத்துக்கு 2000 சுற்றில் ஓடுகிறது என்று வைப்போம். அதே வேகத்தில் நாலாம் கியருக்கு எஞ்சின் 1300 சுற்று அளவில் சுற்றினால் போதும். அதாவது மேல் கியருக்குப் போகும்போது எஞ்சின் இறங்க வேணும். காலை எடுத்தால் அது தானாக இறங்கும். அந்த நேரத்தில் றேஸ் குடுப்பது, இறங்க வேண்டியதைப் பிடித்து மேலே தள்ளுகிற வேலை. மாறி, வேகம் குறைந்து மூன்றாம் கியரில் 1500 சுற்றுக்கு வந்தபின் இரண்டாம் கியருக்கு இறங்கினால் எஞ்சின் 2300 அளவுக்கு ஏற வேணும். அங்கேதான் அக்சிலேற்றரை ஒருதரம் மெல்லத் தொட்டு விடுகிறதில் பயன் உண்டு. அதுவும் தொட்டு விடுகிறதுதான், மிதித்துப் பிடிக்கிறதல்ல.

பலர் கவனியாத ஒரு விஷயம் இருக்கிறது. கிளச்சை முழுதாக மிதித்துக்கொண்டு குடுக்கிற றேஸ் கியர்பெட்டிக்குப் போய்ச் சேராது. எஞ்சின் மட்டும் தனியாக நின்று கத்தும். பிறகு அந்த வேகத்திலேயே கிளச்சை விட்டால், வேகமாகச் சுற்றுகிற எஞ்சினும் மெல்லச் சுற்றுகிற பெட்டியும் கிளச் பிளேட்டில்தான் உரசிச் சமப்படும். உரசினால் சூடு. சூடு கூடினால் ஒரு கருகல் மணம் வரும். அந்த மணம் வந்தபிறகு சொல்ல ஒன்றும் இல்லை, காசை எடுத்து வைக்க வேண்டியதுதான்.

அப்படியென்றால் பழைய ஆட்கள் எல்லாரும் பிழையாகவா ஓட்டினார்கள்? இல்லை. பழைய கியர்பெட்டிகளில் பல்லுச் சில்லுகளின் வேகத்தைப் பொருத்துகிற வேலை முழுக்கச் சாரதியின் காலில் இருந்தது. கிளச்சை மிதித்து நியூற்றலுக்கு எடுத்து, கிளச்சை விட்டு, றேஸ் குடுத்து, திரும்ப மிதித்துக் கீழ்க் கியரைப் போடுவார்கள். இதுதான் இரட்டைக் கிளச். நியூற்றலில் கிளச்சை விட்டிருப்பதால் அந்த றேஸ் உள்ளே போய் வேலை செய்யும். உரசல் வளையத்தால் வேகத்தைத் தானே பொருத்துகிற சிங்குறோமெஷ் முறையை 1928இல் அமெரிக்காவின் கடிலாக் கார் கொண்டுவந்தது. அது எல்லாக் கியருக்கும் வந்து சேரப் பல வருடம் எடுத்தது. எங்கள் பக்கம் கனகாலம் ஓடின மொறிஸ் மைனரில் கூட முதலாம் கியருக்கு அது இல்லை.

வன்னியில் இன்னொரு கதையும் உண்டு. 1990இல் யுத்தம் திரும்பத் தொடங்கினபின் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கங்களுக்குப் பெற்றோல் வரத் தடை. 2002இல் தடை நீங்கும்வரை கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. நான் அப்போது பள்ளிக்கூடப் பெடியன். எங்கள் சித்தப்பா ஒரு சின்னப் போத்தல் பெற்றோலை மருந்து மாதிரிப் பத்திரப்படுத்தி, கார்புறேற்றருக்குள் கொஞ்சம் விட்டு ஸ்டார்ட் பண்ணுவார். எஞ்சின் சூடேறினபிறகுதான் மண்ணெண்ணெய் பிடிக்கும். பெற்றோல் குளிரிலும் ஆவியாகும், மண்ணெண்ணெய்க்குச் சூடு வேணும். றேஸைக் குறைத்தால் எஞ்சின் நின்றுவிடும், நின்றால் மறுபடி போத்தலைத் தேட வேணும். ஆகவே கால் எப்போதும் அக்சிலேற்றரில்தான். எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் ஓயிலுக்குள் இறங்கி அதைத் தண்ணீராக்கிவிடும் என்று தெரிந்தும், வேறு வழி இல்லாமல் ஓட்டினார்கள். அந்த ஆட்களிடம் பழகின பெடியள்தான் இன்றைக்கு எங்கள் சாரதிமார். எண்ணெய் மாறிவிட்டது, கால் மாறவில்லை.

இன்றைய டீசல் வாகனங்கள் பலவற்றில், கியரில் ஓடும்போது காலை எடுத்தால் எண்ணெய் போவதையே கணினி நிறுத்திவிடும். உறுமவிட்டால் அவ்வளவும் செலவு. 2022இல் கியூஆர் குறியீட்டைக் காட்டிக் கிழமைக்கு இத்தனை லீற்றர் என்று வாங்கின நாட்களில் ஒருத்தரும் உறுமவிட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை!

பலமாக றேஸ் குடுக்க வேண்டிய இடமும் ஒன்று உண்டு. 1958, 1977, 1983 கலவரங்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறின குடும்பங்கள் எங்களுக்குள் பல. நல்லது கெட்டதுக்கு வான் பிடித்து அட்டன், நுவரெலியா போய் வருகிறார்கள். சமதரையில் பழகின சாரதி இறம்பொடைப் பக்கத்து வளைவுகளில் இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிப் பிடியாமல் போகும். ஏறின கியரிலேயே இறங்கு என்று பழைய ஆட்கள் சொல்லுவார்கள். இறக்கம் தொடங்கமுன் கியரைக் குறைத்துவிட வேணும். தப்பித்தவறி நடு இறக்கத்தில் நியூற்றலில் அகப்பட்டு, கீழ்க் கியர் விழாமல் கிறீச்சிட்டால், தடியோடு மல்லுக்கட்டாமல் பிரேக்கைப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள். பிறகு நியூற்றலிலேயே கிளச்சை விட்டு, நல்லாய் ஒரு றேஸ் குடுத்து, உடனே மிதித்துப் போடுங்கள். அந்த உறுமல் உயிரைக் காக்கிற உறுமல்.

உழவு இயந்திரம் வேறு. பழைய மெசி பெர்குசன் 135 போன்றவற்றில் வேலைக்கு ஏற்ற கியரை நின்ற இடத்திலேயே போட்டு, றேஸைக் குறைத்து வைத்து, கிளச்சை மெல்ல விட்டு எடுப்பதுதான் முறை. பெட்டியில் பாரமும் ஆட்களும் இருக்க, குளக்கட்டு இறக்கத்தில் கியர் மாற்றப் போகாதீர்கள். கியர் விழாவிட்டால் பெட்டி பின்னாலிருந்து தள்ளும், பெட்டிக்குப் பிரேக் இல்லை. மட்கார்ட்டில் ஆள் ஏற்றவே கூடாது என்பதை முன்பும் சொல்லியிருக்கிறேன்.

பழக விரும்புகிறவர்கள் வெறும் பெட்டியோடு, ஆள் இல்லாத வெளியில் பழகுங்கள். ரேடியோவை நிற்பாட்டிவிட்டு எஞ்சின் சத்தத்தை மட்டும் கேளுங்கள். மேல் கியருக்குப் போகும்போது சத்தம் தணிந்து, குலுக்கம் இல்லாமல் பிடித்தால் சரி. முன்னுக்கு இருப்பவரின் தலை ஆடினால் இன்னும் பழக வேணும்.