பரிசு யார் கைக்குப் போகிறது?

கேள்வி: டிக்டாக் நேரலையில் பார்வையாளர்கள் அனுப்பும் பரிசுகள் ஏழைகளுக்கு உதவிதானே? அதில் என்ன தவறு?

பதில்: கொடுப்பவர் மனதில் தவறில்லை, பணம் போகும் வழியில்தான் தவறு. சிரியாவில் இடம்பெயர்ந்தோர் முகாம்களில் குழந்தைகளோடு குடும்பங்கள் மணிக்கணக்கில் கேமரா முன் உட்கார்ந்து பரிசு கேட்டதை 2022-ல் பிபிசி ஆராய்ந்தது. சோதனைக்காக லண்டனிலிருந்து அனுப்பிய பரிசுகளின் மதிப்பு 106 டாலர். சிரியாவில் இருந்த கணக்கில் சேர்ந்தது 33 டாலர்; ஏறக்குறைய 70 சதவீதம் வழியிலேயே கழிந்துவிட்டது. அதைப் பணமாக்கித் தரும் கடைக்கு 10 சதவீதம், மீதியில் கைபேசி கொடுத்த இடைத்தரகருக்கு 35 சதவீதம் போனால், குடும்பத்துக்கு மிஞ்சுவது 19 டாலர்தான்.

செயலியை நடத்தச் செலவாகாதா என்று கேட்கலாம். ஆகும், அதற்குக் கட்டணம் வாங்குவதும் நியாயமே. ஆனால் தன் பங்கு அந்த 70 சதவீதத்தைவிட மிகக் குறைவு என்ற டிக்டாக் நிறுவனம், சரியான அளவைச் சொல்லவில்லை. அந்த 19 டாலராவது கிடைக்கிறதே என்பது இன்னும் கனமான வாதம். பசித்தவருக்கு அதுவும் பெரிதுதான். ஆனால் குழந்தை எவ்வளவு நேரம் கெஞ்சுகிறதோ அவ்வளவு லாபம் என்றால், கெஞ்சலை நிறுத்த யாருக்கு மனம் வரும்? ஒவ்வொரு பரிசுக்கும் பக்கத்திலேயே, பெறுபவர் கைக்குப் போகும் தொகையைக் காட்டச் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும். அதுவரை, நிவாரண அமைப்புகளுக்கு நேரடியாகக் கொடுப்பதே மேல்.